கதவு திறக்கும் வரை

2025 ஜூலை 15, செவ்வாய்க்கிழமை. ஆடி பிறக்க இரண்டு நாள் இருந்தது. காற்று அதுவரை பொறுக்கவில்லை; காவல்கிணறு விலக்கில் இருந்த டீக்கடையின் தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் கடையில் வழக்கமாக ஏதாவது பழைய படம் ஓடும். அன்று செய்திச் சேனல். திரையில் கறுப்பு வெள்ளையில் ஏதோ ஒன்று ஆடி ஆடி இறங்கிக்கொண்டிருந்தது.

“படம் ஏன் அண்ணாச்சி இப்படி மங்கலாக இருக்கிறது? டிவியில் கோளாறா?”

“அங்கே இன்னும் விடியவில்லை. இருட்டில் எடுக்கிறார்கள்.”

கடைக்காரர் சொன்னது சரி. அமெரிக்காவின் மேற்குக் கரையில், சான் டியேகோவுக்கு அப்பால் பசிபிக் கடலில் அப்போது அதிகாலை இரண்டரை மணி. பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையத்தில் 18 நாள் தங்கிவிட்டு, இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லாவும் உடன் சென்ற மூவரும் வந்துகொண்டிருந்தார்கள். பாராசூட்டுகளைக் கடையில் சத்தம் போட்டு எண்ணினார்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மூன்று மணி தாண்டி ஒரு நிமிடத்தில் அவர்கள் வந்த கூடு தண்ணீரைத் தொட்டது. கைதட்டல். ஒருவர் யாரையோ கைப்பேசியில் அழைத்து, “இறங்கிவிட்டார்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். நாகர்கோவில் பஸ் வந்து நின்றதும் பாதிக் கூட்டம் ஏறிப் போய்விட்டது.

மூலை பெஞ்சில் இருந்த மூன்று பேர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் கைதட்டவும் இல்லை. அவர்களில் ஒருவரின் சட்டைப் பைக்குள் அடையாள அட்டை மடித்துச் செருகப்பட்டிருந்தது. அதன் நாடா வெளியே தொங்கியது. எங்கே வேலை என்று நான் கேட்கவில்லை. அந்த விலக்கில் அதைக் கேட்க வேண்டியதில்லை. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் மகேந்திரகிரி தெரியும்.

கைதட்டிவிட்டுப் போனவர்களையும், தட்டாமல் உட்கார்ந்திருந்தவர்களையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

திருநெல்வேலிச் சீமையில் ராக்கெட் என்பது இதுவரை புறப்படும் சங்கதியாகவே இருந்துவந்திருக்கிறது. இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் மகேந்திரகிரி அடிவாரத்தில் இருக்கிறது. பி.எஸ்.எல்.வி. இரண்டாம் கட்டத்தில் எரியும் விகாஸ் இன்ஜினும், எல்.வி.எம்.3 ராக்கெட்டின் உச்சியில் எரியும் சி.இ.20 கிரையோஜெனிக் இன்ஜினும் இங்கே கட்டிவைத்து எரித்துப் பார்க்கப்பட்ட பிறகே ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகின்றன. விகாஸ் ஒன்றின் உந்துவிசை ஏறத்தாழ 80 டன். அதைச் சோதிக்கும் நாளில் மலைப்பக்கம் உறுமுவதைப் பணகுடிக்காரர்கள் இடியென்று நினைப்பதில்லை. “சோதனை நடக்கிறது” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். 2023இல் சந்திரயான்-3 கிளம்பியபோது இந்தப் பக்கத்தில் நடந்த பேச்செல்லாம் ‘எங்கள் மலையில் எரிந்த நெருப்பு’ என்ற பெருமைப் பேச்சு. எந்திரத்தைப் பற்றிய பெருமை அது.

ஆள் திரும்பி வரும்போது பேச்சின் குரலே மாறிவிடுகிறது. மார்ச் மாதம் நாசாவின் விண்வெளி வீராங்கனை சுனிதா வில்லியம்ஸ் இறங்கியபோதும் இதைக் கவனித்தேன். நம் நேரப்படி 2025 மார்ச் 19, அதிகாலை 3:27. அந்த நேரத்தில் விழித்திருந்து பார்த்த என் சித்தி, விண்கலம் எந்த நிறுவனத்துடையது என்றோ எத்தனை முறை பூமியைச் சுற்றியது என்றோ கேட்கவில்லை. “மெலிந்துபோய்விட்டாளே” என்றார். அடுத்த வாக்கியம், “முதலில் அந்தப் பிள்ளைக்குச் சுற்றிப் போடச் சொல்லுங்கள்.” குஜராத்தில் சுனிதாவின் தந்தையின் ஊரான ஜுலாசனில் பட்டாசு வெடித்தார்கள், அணையா விளக்கு ஏற்றி வழிபட்டார்கள். அது சொந்த ஊர், செய்யும். பாளையங்கோட்டையில் இருக்கும் சித்திக்கும் சுனிதாவுக்கும் என்ன உறவு?

நம் பக்கத்தில் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்லி வாசற்படி இறங்குவதில்லை. ‘போய்விட்டு வருகிறேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். தவறிப்போய்ச் சொன்னால் ஆச்சிமார் அதட்டுவார்கள். ஒரு காலத்தில் கொழும்பு, பிறகு பம்பாய், பிறகு துபாயும் மஸ்கட்டும் என்று தலைமுறைதோறும் ஆட்களை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் ஊர்கள் இவை. அனுப்புகிற வேளையில் பயத்தை வெளியே காட்டக் கூடாது. திரும்புகிற வேளையில்தான் அழலாம். ராக்கெட் கிளம்பும்போது கண்ணீர் விடாதவர்கள் பாராசூட்டைப் பார்த்துக் கண்ணைத் துடைப்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கிளம்புவது அரசாங்கத்தின் காரியம், திரும்புவது வீட்டின் காரியம்.

இந்த மலைக்கே அப்படி ஒரு கதை உண்டு. அனுமன் இலங்கைக்குத் தாவிய மகேந்திர மலை இதுதான் என்று இங்கே சொல்வார்கள். தாவியதைச் சிற்பத்திலும் காலண்டரிலும் பார்த்துப் பழகிவிட்டோம். அவன் திரும்பி வந்து இறங்கியதும் அதே மலையில்தான். அங்கே காத்திருந்த வானரர்களில் சிலர் அழுதார்கள், சிலர் ஆடினார்கள், சிலர் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள், சிலர் அவனைத் தூக்கிச் சுமந்தார்கள். பிறகு கூட்டமாகப் போய் ஒரு தேன் தோப்பையே துவம்சம் செய்தார்கள். இன்றைய வெற்றிக் கொண்டாட்டங்களைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் அந்தத் தோப்பை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

சரி, மேலேயிருந்து கீழே வருவது அவ்வளவு பெரிய காரியமா? 400 கிலோமீட்டர் உயரம் என்பது திருநெல்வேலியிலிருந்து திருச்சியையும் தாண்டிய தூரம், அவ்வளவுதான். சிக்கல் உயரத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. கலம் மணிக்குச் சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தை முழுவதும் கரைத்தால்தான் தரையையோ தண்ணீரையோ தொட முடியும். அதற்கு வேண்டிய எரிபொருளை மேலே கொண்டுபோவது கட்டுப்படியாகாது. எனவே ஒரு தந்திரம் செய்கிறார்கள். கலம் போகும் திசைக்கு எதிராகச் சில நிமிடம் இன்ஜினை எரிக்கிறார்கள். வேகத்தில் நூற்றில் இரண்டு பங்கு அளவுதான் குறையும். அந்தச் சிறு குறைவே பாதையை வளைத்துக் கலத்தைக் காற்றுமண்டலத்துக்குள் இறக்கிவிடும். மிச்ச வேகத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

காற்று பார்த்துக்கொள்வது என்றால், எரிப்பது. உராய்வினால் சூடாகிறது என்று பள்ளிப் புத்தகம் தொடங்கிச் செய்திச் சேனல் வரை சொல்கிறார்கள். அது முழு உண்மையில்லை. பஞ்சர் கடையில் சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், நாலு தடவை அழுத்தினால் பம்பின் அடிப்பகுதி சுடும். காற்றை நெருக்கினால் சூடாகும். ஒலியைவிட இருபது மடங்குக்கும் மேலான வேகத்தில் வரும் கூட்டின் முன்னால் காற்று விலக நேரமில்லாமல் நசுங்குகிறது. அங்கே வெப்பம் ஆயிரத்து ஐந்நூறு டிகிரியையும் தாண்டும். கூட்டின் அடியில் இருக்கும் கவசம் தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கிக்கொண்டு உள்ளே இருப்பவர்களைக் காக்கிறது. சுற்றியுள்ள காற்று மின்னேற்றம் பெற்றுவிடுவதால் சில நிமிடங்கள் வானொலித் தொடர்பு அறுந்துபோகும். டீக்கடையில் ‘சிக்னல் போய்விட்டது’ என்று பதறிய அந்த நேரம் அட்டவணையிலேயே குறிக்கப்பட்ட மௌனம்.

அதன் பிறகு பாராசூட். சுமார் ஐந்தரை கிலோமீட்டர் உயரத்தில் சிறியவை இரண்டு, இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பெரியவை நான்கு. தண்ணீரைத் தொடும்போது வேகம் மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் அளவுக்கு வந்துவிடும். ரதவீதியில் போகும் ஆட்டோவின் வேகம்.

இந்தக் கட்டங்களில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். மூலை பெஞ்சுக்காரர்கள் கைதட்டாததன் காரணம் இங்கே இருக்கிறது. 1967 ஏப்ரல் 24, சோயுஸ்-1: பாராசூட் சரியாக விரியவில்லை, சோவியத் வீரர் கொமரோவ் இறந்தார். 2003 பிப்ரவரி 1, அமெரிக்க விண்ணோடம் கொலம்பியா: புறப்பட்ட ஒன்றரை நிமிடத்துக்குள் ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்திருந்தது, பதினாறு நாள் கழித்துத் திரும்பும்போது அந்த ஓட்டை வழியே வெப்பம் உள்ளே புகுந்தது. தரையிறங்கப் பதினாறு நிமிடம் இருந்தது. கல்பனா சாவ்லாவும் மற்ற ஆறு பேரும் போய்விட்டார்கள்.

எல்லாவற்றிலும் கொடியது 1971 ஜூன் 30. உலகின் முதல் விண்வெளி நிலையத்தில் வாழ்ந்துவிட்டு சோயுஸ்-11இல் மூவர் திரும்பினார்கள். இன்ஜின் சரியாக எரிந்தது. கவசம் தாங்கியது. பாராசூட் விரிந்தது. கூடு குறித்தபடி கஜகஸ்தானில் இறங்கியது. மீட்புக் குழு ஓடிப்போய்த் தட்டியது, பதில் இல்லை, கதவைத் திறந்தது. மூவரும் இருக்கையிலேயே இறந்திருந்தார்கள். கலத்தின் பகுதிகள் வானில் பிரிந்தபோது ஒரு வால்வு திறந்துகொண்டு உள்ளிருந்த காற்றெல்லாம் வெளியேறியிருந்தது. நெருக்கடியான கூட்டுக்குள் அழுத்த உடை அணிய இடமில்லை என்று அணியாமல் வந்திருந்தார்கள். சோயுஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த உடை கட்டாயமானது அதற்குப் பிறகுதான். பாராசூட்டை எண்ணி முடிப்பதோடு எண்ணிக்கை முடிவதில்லை.

கொலம்பியாவின் நாள் இங்கே பலருக்கு நன்றாக நினைவிருக்கிறது. சனிக்கிழமை, இரவு ஏழரை மணி வாக்கு. பக்கத்து வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். இறங்குவதைக் காட்டுவார்கள் என்று காத்திருந்தால் வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு பல கோடுகளாகப் பிரிந்ததைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அது என்னவென்று முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. அரியானாவின் கர்னாலில் கல்பனா படித்த பள்ளியில் பிள்ளைகள் கொண்டாடக் கூடியிருந்தார்கள் என்று மறுநாள் படித்தபோதுதான் விளங்கியது. பல ஆண்டுகள் கழித்து என் சித்தி சுனிதாவுக்காக அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்ததற்கு அந்த வெள்ளைக் கோடும் ஒரு காரணம். வானத்துக்குப் போன இந்தியப் பெண் என்றாலே அவருக்கு இரண்டு முகமும் ஒன்றாகிவிட்டன; பேசும்போது பெயரை மாற்றிச் சொல்வார்.

சுனிதாவின் பயணத்தைச் சுற்றி எழுந்த பேச்சில் அன்புக்குச் சமமாக வதந்தியும் இருந்தது. 2024 ஜூன் 5 அன்று எட்டு நாள் வேலையாகப் போனவர் 286 நாள் கழித்து வந்தார். ‘சிக்கிக்கொண்டார்’, ‘சாப்பாடு தீர்ந்துவிட்டது’ என்றெல்லாம் பரவியது. நிலையத்தில் அவரும் உடன் போன புட்ச் வில்மோரும் தனியாக இல்லை, உணவும் இருந்தது, அவர்களுக்காக இரண்டு இருக்கை காலியாக விட்ட டிராகன் கலம் ஒன்று செப்டம்பர் மாதக் கடைசியிலிருந்தே அங்கே கட்டிப்போடப்பட்டிருந்தது. இதெல்லாம் சொன்னால் அடங்கிவிடும் வதந்திகள்.

சொன்னாலும் அடங்காத கேள்வி ஒன்று உண்டு. வண்ணார்பேட்டையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: “அவர்கள் போன ஸ்டார்லைனர் செப்டம்பரில் ஆளில்லாமல் வந்து பத்திரமாக இறங்கிவிட்டதே. அதிலேயே வந்திருக்கலாமே? ஒன்பது மாதம் வீண்தானே?” நல்ல கேள்வி. ஹீலியம் கசிந்தது, சில உந்திகள் நடுவழியில் அணைந்தன. ஏன் அணைந்தன என்பது முழுதாகப் பிடிபடவில்லை. அதனால்தான் ஆளேற்ற வேண்டாம் என்று 2024 ஆகஸ்டில் நாசா முடிவெடுத்தது. நான் அவரிடமே திருப்பிக் கேட்டேன்: பிரேக் சந்தேகமாக இருக்கும் வண்டியை நீங்கள் தனியாக ஓட்டிப்போய்ப் பார்த்தீர்கள், பாபநாசம் இறக்கத்தில் அது பிடித்தது, அதனால் அதில் பிள்ளைகளை ஏற்றி அனுப்பியிருக்கலாம் என்று ஆகிவிடுமா? யோசித்துவிட்டு, “இல்லைதான்” என்றார். ஒருமுறை தப்பித்தது என்பதைச் சரியாக இருந்தது என்று எடுத்துக்கொள்வதில்தான் கொலம்பியா போனது. முந்தைய பயணங்களிலும் நுரை பெயர்ந்து விழுந்திருந்தது, ஒன்றும் ஆகவில்லை.

சுனிதாவைத் தூக்கிக்கொண்டு போனது பற்றியும் நிறையப் பேச்சு. ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். எடையே உணராமல் மாதக்கணக்கில் மிதந்தவர்களின் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு மேல் கீழ் புரியச் சில நாள் ஆகும். எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு நூற்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். எழுந்து நடந்தால் விழுவார்கள் என்பதால் யாராக இருந்தாலும் தாங்கிப் பிடித்துத்தான் இறக்குவார்கள், அது நடைமுறை. சுக்லாவின் இருக்கைக்கு அரசு சுமார் 550 கோடி செலவழித்தது பற்றிய முணுமுணுப்பும் கடையில் எழுந்தது. ‘அந்தக் காசில் எங்கள் ரோட்டைப் போட்டிருக்கலாம்’ என்றார் ஒருவர். ரோட்டின் நிலைமையைப் பார்த்தவன் என்ற முறையில் அவரை எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

கடல் கரைக்காரர்கள் இதைப் பார்க்கும் விதம் வேறு. சுனிதா வந்த கூட்டைச் சுற்றி ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், நீந்திய காட்சி உலகமெங்கும் பரவியது. உவரியில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் அதைக் கைப்பேசியில் காட்டினேன். ஓங்கிலைப் பார்த்து அவர் வியக்கவில்லை, தினமும் பார்ப்பதுதானே. “படகு எவ்வளவு நேரத்தில் வந்தது?” என்று கேட்டார். ஃபுளோரிடாவுக்கு அப்பால் விழுந்த கூட்டிடம் படகுகள் நிமிடங்களில் வந்துவிட்டதைக் காட்டினேன். தலையை ஆட்டினார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது படகு எப்போது வரும் என்று கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கடற்கரை இது. கடலில் விழுந்தவனைத் தேடிப் போகும் ஏற்பாடு முன்கூட்டியே தயாராக நின்றது என்பதுதான் அவர் கண்ணில் பட்ட அதிசயம். எனக்கு அது தோன்றவேயில்லை.

அவருக்கு இன்னொன்றும் காட்டினேன். 2023 அக்டோபர் 21 அன்று, இந்தியா தானே ஆட்களை விண்ணுக்கு அனுப்பப் போகும் ககன்யான் திட்டத்துக்காக ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்த ஆளில்லாச் சோதனையில், ஆபத்து நேர்ந்தால் ஆட்களோடு கூட்டைப் பிய்த்துக்கொண்டு போகும் அமைப்பு நன்றாகவே வேலை செய்தது. கூடு வங்கக் கடலில் இறங்கியது. ஆனால் தலைகீழாக மிதந்தது. கடற்படை போய் இழுத்து வந்தது. “வள்ளம் கவிழ்ந்தால் அதை நிமிர்த்தும் வித்தை தனி” என்றார் பெரியவர். ககன்யானுக்கும் அந்த வித்தை தேவைப்படுகிறது. கவிழ்ந்த கூட்டை நிமிர்த்தும் காற்றுப் பைகள் அதில் உண்டு.

நம் நாடு இதில் தாமதமாக வந்தது. சொந்த ராக்கெட்டில் செயற்கைக்கோளை மேலே ஏற்றியது 1980 ஜூலையில். மேலே போன ஒன்றைச் சுற்றுப்பாதையிலிருந்து பத்திரமாக இறக்கி முதன்முதலில் கையில் வாங்கியது 2007 ஜனவரி 22 அன்று. 550 கிலோ எடையுள்ள கூடு, வங்கக் கடலில் இறங்கியது. ஏற்றக் கற்றதற்கும் இறக்கக் கற்றதற்கும் நடுவில் இருபத்தாறு ஆண்டுக்கு மேல். 1984இல் ராகேஷ் சர்மா மேலேயிருந்து பிரதமருக்குச் சொன்ன பதில் எல்லோருக்கும் மனப்பாடம். அவர் ஏப்ரல் 11 அன்று கஜகஸ்தானில் இறங்கியதைக் கேட்டால் வினாடி வினாவில் பரிசு வாங்கிய பையன்களே விழிக்கிறார்கள்.

மகேந்திரகிரிக்கு வருவோம். சுக்லா இறங்குவதற்குச் சரியாக நான்கு நாள் முன்பு, ஜூலை 11 அன்று, அந்த மலையடிவாரத்தில் ஒரு சோதனை நடந்தது. ககன்யானின் சேவைப் பகுதியில் இருக்கும் உந்து அமைப்பை 350 விநாடி எரித்துப் பார்த்தார்கள். பெரிய இன்ஜின் ஐந்து, சின்ன உந்திகள் பதினாறு. பெரியது என்று பெயர்தானே தவிர, ஒன்றின் உந்துவிசை 440 நியூட்டன். ஐந்தையும் சேர்த்தால் 75 கிலோ நெல் மூட்டை மூன்றின் பாரத்துக்குச் சமம். நடுவழியில் பயணத்தைக் கைவிட்டு ஆட்களைத் திருப்பிக்கொண்டு வரும் நிலைமையை வைத்து அன்றைய சோதனை அமைந்திருந்தது. பயணம் ஒழுங்காக முடிந்தாலும் இதற்கு வேலை உண்டு. மேலே சொன்னேனே, வேகத்தில் சிறு பங்கைக் குறைத்துப் பாதையை வளைப்பது, அதைச் செய்யப் போவதும் இதே அமைப்புதான். வீட்டுக்குத் திரும்பும் இன்ஜின்.

மூன்று மூட்டை பாரத்துக்கு மலை உறுமாது. பணகுடியில் யாருக்கும் கேட்டிருக்காது. செய்தித்தாளில் உள்பக்கத்தில் வந்தது. கடையில் நான் விசாரித்தபோது ஒருவருக்கும் தெரியவில்லை. மூலை பெஞ்சில் இருந்தவர்களை நான் அப்போது கேட்கவில்லை.

திரையில் கூட்டைக் கப்பலின் மேல் தூக்கி வைத்துவிட்டார்கள். ஆட்கள் அதைச் சுற்றி ஏதேதோ துடைத்துக்கொண்டும் முகர்ந்து அளந்துகொண்டும் இருந்தார்கள். எரிபொருள் கசிவு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அரை மணி போனது. கடைக்காரர் பழைய படத்துக்கே மாற்றப் போனார். நாடா தொங்கிய பைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இன்னும் கதவைத் திறக்கவில்லை அண்ணாச்சி.”

மணி நான்கை நெருங்கியபோது கதவு திறந்தது. முதலில் பயணத்தின் தலைவர் பெக்கி விட்சன். அடுத்து சுக்லா, இரு பக்கமும் ஆட்கள் தாங்கிப் பிடிக்க, சிரித்தபடி, கையசைத்தபடி. நாடாக்காரர் எழுந்து மூன்று டீக்கும் இரண்டு வடைக்கும் காசு கொடுத்தார். சில்லறை வாங்க மறந்து போய்விட்டார். கடைக்காரர் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.